மேட்டிலிருந்து தானா உருண்டு வாற வேகனுக்கு ஆர் பிறேக் போடுற?

ஒலுவில்_பொறி

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். ஒலுவில் பொறியியல் பீடத்தில படிக்கிறன். கட்டுப்பாட்டியல் பாடத்துக்கு ஒரு புரொஜெக்ட் குடுத்திரிக்காங்க. மற்றப் புள்ளைகள் தண்ணித் தாங்கி மட்டம், மோட்டர் வேகம் எண்டு எடுத்திட்டாங்க. நான் சாமான் ரயில் வேகன்களைப் பிரிச்சுச் சேக்கிற யார்ட் ஒண்டை எடுக்கலாமெண்டு பாக்கன்.

வெளிநாட்டு யார்டுகள்ல என்ஜின் பின்னால நிண்டு வேகன்களை ஒரு மேட்டில மெதுவாத் தள்ளுது. உச்சியில கொளுக்கியைக் கழட்டினா ஒவ்வொரு வேகனா இறக்கத்தில உருண்டு, பாதை பிரிஞ்சு பிரிஞ்சு, தனக்குரிய தண்டவாளத்தில போய் முன்னுக்கு நிக்கிற வேகனோட மெல்ல முட்டிக் கொளுவிக்கொள்ளுது. உள்ளுக்கு ஒரு ஆளும் இல்ல. வேகத்தை எந்த இடத்தில, எப்படிக் குறைக்காங்க? வேகனிலயே பிறேக் இரிக்கே, அதைத் தூரத்தில இருந்து போட்டா என்ன? மட்டக்களப்பு ஸ்டேசன்ல இப்படி மேடு ஒண்டையும் நான் காணல்ல.

காத்தான்குடியான்

மட்டக்களப்பில மேடு தேடினா கல்லடிப் பாலம்தான் கிடைக்கும் தம்பி. 😄

பழைய_கார்ட்

தம்பி, நான் வேலை செய்த இடமெல்லாம் தட்டை யார்டுதான். என்ஜின் வேகனைத் தள்ளும், இழுக்கும், பொயின்ற்ஸ் (பாதை பிரியிற இடத்துத் தண்டவாளம்) மாத்துவாங்க, திரும்பவும் தள்ளும். ஷண்டிங் எண்டு சொல்லுறது அதைத்தான். ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய சாமான் வண்டிகள் வாற இடத்தில மேடு கட்டுறது வீண் செலவு.

பிறேக்கைப் பற்றிக் கேட்டீங்க. வேகனில் உள்ள பிறேக் என்ஜினோட குழாயால தொடுத்திருக்கிற வரைக்கும்தான் சாரதியின்ட சொல் கேக்கும். எங்கட வண்டிகளில கனகாலமா இருந்தது வெற்றிட பிறேக். குழாய் கழண்டு காற்று உள்ள போனால் பிறேக் தானாப் பிடிச்சிரும். ரயில் ரெண்டாப் பிரிஞ்சாலும் நிக்கவேணும் எண்டதுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஷண்டிங்குக்கு அது இடைஞ்சல். அதனால வேகனைக் கழட்ட முதல் பக்கத்தில உள்ள ரிலீஸ் கம்பியை இழுத்து சிலிண்டரில மிச்சமிருக்கிற வெற்றிடத்தையும் போக்கி பிறேக்கை விடுவிப்போம். காற்றழுத்த பிறேக் உள்ள நாடுகளில தாங்கியில உள்ள காற்றை வடிச்சு விடுறாங்க. அதுக்குப் பிறகு அந்த வேகனில கைப்பிறேக்கைத் தவிர வேறொண்டும் வேலை செய்யாது. மின்சாரமும் கிடையாது. நீங்க தூரத்தில இருந்து என்ன சமிக்ஞை அனுப்பினாலும் அதைக் கேக்கிறதுக்கு அதில ஒரு சாமானும் இல்லை.

ரிடார்டர் எண்ட தண்டவாளப் பிறேக் வர முதல் இங்கிலாந்தில ஷண்டர்மார் கையில தடியோட வேகனுக்குப் பக்கத்தால ஓடி, கைப்பிறேக் நெம்புகோலை அமத்திப் பிடிச்சு நிப்பாட்டினாங்க. அமெரிக்காவில ஆள் வேகனுக்கு மேல ஏறிப் போய்ப் பிறேக் சக்கரத்தைச் சுத்தவேணும். இன்னொரு முறை, ஓடி வாற சக்கரத்துக்கு முன்னால தண்டவாளத்தில ஆப்பு மாதிரி ஒரு இரும்பு ஸ்கிட்டை வைக்கிறது. சக்கரம் அதில ஏறிச் சுழலாம வழுக்கிக்கொண்டு போய் நிக்கும். மழை நாளில, இருட்டில, இந்த வேலையில கை கால் இழந்தவங்க கன பேர்.

வாவிக்கரை

ஐயா சொன்னதுதான் அடிப்படை. வேகனில பிறேக் இல்லாட்டி, பிறேக்கைத் தண்டவாளத்தில வைக்கவேணும். அதுக்குப் பேர்தான் ரிடார்டர். 1920களில் அமெரிக்காவில பாவனைக்கு வந்த சாமான்.

தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் நீளமான உருக்குத் தாடைகள் இரிக்கும். வேகன் அதுக்குள்ளால போகேக்க, காற்றழுத்தத்தாலயோ எண்ணெய் அழுத்தத்தாலயோ அந்தத் தாடைகள் நெருங்கிச் சக்கரத்தின்ட ரெண்டு பக்கத்தையும் நெரிக்கும். கல்லடிப் பாலத்து இறக்கத்தில சைக்கிளைப் பெடல் மிதிக்காம விட்டுப்போட்டு றிம்மைப் பிறேக் கட்டை பிடிக்கிற மாதிரித்தான், ஆனா பிறேக் கட்டை சைக்கிளில இல்லாம றோட்டில இரிக்கி.

மறுகா ஒரு விசயம். தம்பி "வேகத்தை எப்படிக் குறைக்காங்க" எண்டு கேட்டிரிக்கார். குறைக்கிறது பெரிய காரியமில்ல. எவ்வளவைக் குறைக்காம விடுறது எண்டதில்தான் முழுக் கரச்சலும். தாடைக்குள்ளால வெளிய வந்த வேகனுக்கு அதுக்குப் பிறகு ஒருத்தரும் வேகம் குடுக்க ஏலாது. கூட எடுத்திட்டா வேகன் பாதி வழியில நிண்டிரும். பின்னால இடைவெளி விழும், என்ஜின் போய்த் தள்ளவேணும், அல்லது அது பொயின்ற்ஸுக்கு மேலயே நிண்டு முழு யார்டையும் மறிக்கும். குறைய எடுத்தா நிக்கிற வேகனோட அடிபட்டுச் சாமான் நொறுங்கும். அமெரிக்காவில கொளுவிக்கொள்ளுற வேகம் மணிக்கு 4 மைலுக்கு, அதாவது 6 கிலோமீற்றர் சொச்சத்துக்கு மேல போகக்கூடாதெண்டு பாப்பாங்க. கொஞ்சம் விரைவா நடக்கிற ஆளின்ட வேகம்.

இயற்பியல்_ரீச்சர்

தம்பி, கணக்கொன்றைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மேடு 3 மீற்றர் உயரம் என்று வைப்போம். உராய்வை விட்டால் அடியில் வேகத்தின் வர்க்கம் 2 × 9.81 × 3 = 58.9. வேகம் செக்கனுக்கு 7.7 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர். திணிவு இதில் வரவே இல்லை. 25 தொன் வெற்று வேகனும் 130 தொன் நிரம்பிய வேகனும் அதே வேகத்தில்தான் வந்து சேரும்.

ஆனால் எடுக்கவேண்டிய சக்தி ஒன்றல்ல. செக்கனுக்கு 1.8 மீற்றருக்கு, அதாவது அந்தக் கொளுவும் வேகத்துக்கு, கொண்டுவர வேண்டுமானால் 130 தொன் வேகனிடமிருந்து 3.6 மெகாயூல், வெற்று வேகனிடமிருந்து 0.7 மெகாயூல். தாடை 30 மீற்றர் நீளம் என்றால் முதலாவதற்குச் சராசரி 120 கிலோநியூட்டன் விசை வேண்டும், மற்றதற்கு 23 போதும். வேகன் எத்தனை தொன் என்று தெரியாமல் தாடையை மூட முடியாது. உங்கள் மாதிரியில் முதலாவது உணரி நிறை உணரியாக இருக்கட்டும்.

பழைய_கார்ட்

வெற்று வேகனை பாரமான வேகன் மாதிரி நெரிச்சால் அது நிக்கிறதோட முடியாது, சக்கரம் தண்டவாளத்தை விட்டு மேல கிளம்பிரும். ரீச்சரின்ட கணக்கில இதையும் சேத்துக்கொள்ளுங்க.

ஒலுவில்_பொறி

ரீச்சர், ஐயா, வாவிக்கரை அண்ணன், மிச்சம் நன்றி. அப்ப மேட்டுக்குக் கீழ ஒரு பெரிய ரிடார்டரைப் போட்டு, எல்லா வேகனையும் 1.8க்குக் கொண்டுவந்து விட்டாச் சரிதானே? ஏன் மேட்டுக்குக் கீழ ஒண்டு, மறுகா பாதை பிரியிற இடத்தில இன்னொண்டு எண்டு வைக்காங்க?

வாவிக்கரை

சரி வராது தம்பி. முதலாவது, அந்த வேகத்தில விட்டா அரைவாசி வேகன் தூரத்துக்குப் போய்ச் சேராது. ரெண்டாவது, அடுத்தது வந்து முட்டும்.

மேட்டில தள்ளுற வேகம் மணிக்கு 4 கிலோமீற்றர், வேகன் 15 மீற்றர் நீளம் எண்டு வைங்க. 13, 14 செக்கனுக்கு ஒரு வேகன் உச்சியைத் தாண்டும். நிமிசத்துக்கு நாலு. முன்னுக்குப் போறது இறுகின வேகன், பின்னால வாறது லேசா உருளுற வேகன் எண்டா அந்த 13 செக்கன் இடைவெளி வழி நெடுகக் குறைஞ்சுகொண்டே போகும். ரெண்டுக்கும் நடுவில பொயின்ற்ஸை மாத்தவேணும். மாத்த நேரமில்லாட்டி பின்னால வாறது பிழையான தண்டவாளத்துக்குப் போகும். முன்னது பக்கத்துப் பாதைக்குத் திரும்பி முடிய முதல் பின்னது வந்தா அதின்ட பக்கவாட்டில இடிக்கும்.

அதனால மேட்டுக்குக் கீழ உள்ள முதலாவது ரிடார்டரின்ட தலையாய வேலை இடைவெளியைக் காப்பாத்துறது. ஒவ்வொரு தண்டவாளக் கூட்டத்துக்கும் முன்னால உள்ள ரெண்டாவதின்ட வேலை கொளுவுற வேகத்தைச் சரியாக்கிறது. ரெண்டையும் ஒரே கட்டுப்படுத்தியாக எழுதினீங்க எண்டா புரொஜெக்ட் குழம்பிப்போகும்.

மேட்டின்ட உயரத்தை எப்படி முடிவு செய்யிறாங்க எண்டதையும் பாருங்க. ஆகப் பிந்தி உருளுற வேகன், ஆகக் கூடாத காலநிலையில, எதிர்க்காத்தில, போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேரவேணும். அந்த வேகனுக்கு ஏத்த உயரம்தான் எல்லாருக்கும். மற்ற எல்லா வேகனுக்கும் வேகம் மிச்சமா வரும். ரிடார்டர் அந்த மிச்சத்தை எடுக்குது.

ஒலுவில்_பொறி

இறுகின வேகன், லேசான வேகன் எண்டு எப்படி முதலே தெரியும்?

இயற்பியல்_ரீச்சர்

இதுதான் முழுச் சிக்கலும். குத்துமதிப்பாகக்கூடத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

இரண்டாவது ரிடார்டரை விட்டு வேகன் செக்கனுக்கு 3 மீற்றரில் வெளியேறுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் மெல்லிய சரிவு. சரிவு கொடுப்பதையும் உராய்வு எடுப்பதையும் கழித்தால் மிச்சம் தொன்னுக்கு 1 கிலோ தடை என்று வைத்தால், வேகன் 459 மீற்றர் ஓடி நிற்கும். அந்தத் தடை தொன்னுக்கு 2 கிலோ என்றால் 229 மீற்றரில் நின்றுவிடும். நூறு தொன் வேகனில் நூறு கிலோ விசை வித்தியாசம், ஓடும் தூரம் சரிபாதி! உருளை பெயாரிங் உள்ள வேகனுக்கும் பழைய மாதிரிப் பெயாரிங் உள்ள வேகனுக்கும் இதைவிடக் கூடுதலான வித்தியாசம் இருக்கும். குளிரில் எண்ணெய் இறுகும், வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசும், காற்று அடிக்கும்.

ஸ்காபரோ_மட்டு

வாசித்துக்கொண்டே வந்தேன். நான் கனடாவில், பிறந்தது மட்டக்களப்பு. ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் பக்கம் மக்மில்லன் யார்ட் என்று ஒன்று 1965இலிருந்து இயங்குகிறது, மேட்டு யார்ட். ரீச்சர் சொன்ன குளிர் இங்கே பெரிய விஷயம். ஆடி மாதம் ஓடுகிற வேகனும் தை மாதம் பூச்சியத்துக்குக் கீழே ஓடுகிற வேகனும் ஒன்றல்ல.

முதலே தெரிந்துகொள்வதற்கு அவர்கள் செய்வது இதுதான். உச்சிக்குக் கீழே நிறை பார்க்கிற தண்டவாளத் துண்டு ஒன்று. அதற்கப்பால் சரிவில் இரண்டு இடத்தில் வேகத்தை அளக்கிறார்கள். உராய்வே இல்லாத வேகன் அந்தத் தூரத்தில் எவ்வளவு வேகம் பெற்றிருக்க வேண்டும், இது எவ்வளவு பெற்றது? வித்தியாசம்தான் அந்த வேகனின் குணம். ரிடார்டருக்குள் இருக்கும்போது டொப்ளர் ரேடார் விடாமல் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், வேண்டிய வேகம் வந்ததும் தாடை திறக்கும். போய்ச் சேரும் தண்டவாளத்தில் இன்னும் எவ்வளவு தூரம் காலியாக இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். காற்றின் வேகமும் வெப்பநிலையும் கூட.

சத்தத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. உருக்கு உருக்கை நெரிக்கிறபோது ஒரு கீச்சுச் சத்தம் வரும். காதைத் துளைக்கும். அமெரிக்காவில் ரிடார்டர் சத்தத்துக்கென்றே தனி வரம்பு வைத்துச் சட்டம் இருக்கிறது.

காத்தான்குடியான்

எல்லாம் சரி. நான் கொழும்புக்கு லொறி ஓடுற ஆள், ஒண்டு கேக்கன். இந்தத் தாடையில கிரீஸ் பட்டா? லொறியில பிறேக் லைனிங்கில எண்ணெய் பட்டா என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்.

வாவிக்கரை

நல்ல கேள்வி காக்கா. அதேதான் நடக்கும். சக்கரப் பக்கத்தில கிரீஸ், பெயின்ற், ஈரம் பட்டிருந்தா தாடை எவ்வளவு நெரிச்சாலும் பிடிக்காது. அதனால ரேடார் பார்த்துக்கொண்டே இருக்கவேணும். "இவ்வளவு அழுத்தம், இவ்வளவு நேரம்" எண்டு முதலே தீர்மானிச்சு விட ஏலாது. தம்பி, உங்கட மாதிரியில உராய்வுக் குணகத்தை ஒரு நிலையான எண்ணா வைச்சிராதீங்க. வைச்சா எல்லாம் அழகா வரும், ஆனா அது யார்டாகாது.

அதுக்கும் மேல, தண்டவாளத்தின்ட கடைசி நுனியில சுருள்வில்லால இயங்குற சின்ன ரிடார்டர்களும் வைப்பாங்க. எல்லாம் பிழைச்சு வாறதை மற்றப் பக்கத்தால வெளிய ஓட விடாமப் பிடிக்க.

சவளக்கடை_வெல்டர்

இவ்வளவு கொம்பியூட்டரும் ரேடாரும் தேவையே இல்லையெண்டு நான் சொல்லுவன். டௌட்டி எண்டு ஒரு இங்கிலாந்துக் கொம்பனி செய்த சாமான் இரிக்கி. தண்டவாளத்தின்ட உள்பக்கத்தில போல்ட் பண்ணின சின்னச் சிலிண்டர். உள்ள எண்ணெய், ஒரு வால்வு. சக்கர விளிம்பு அதின்ட தலையை அமத்திக்கொண்டு போகும். மெதுவா அமத்தினா எண்ணெய் சும்மா வழிவிடும். குறிச்ச வேகத்துக்கு மேல அமத்தினா வால்வு மூடி, எண்ணெய் நெருக்கமான ஓட்டையால போகவேண்டி வரும், அதில சக்தி போயிரும். ஒவ்வொண்டும் எடுக்கிறது சொற்பம், ஆனா பாதை முழுக்க ஆயிரக்கணக்கில வைச்சா எந்த வேகனும் ஒரே வேகத்தில ஊர்ந்து போகும். நிறை பாக்கத் தேவையில்ல, குணம் பாக்கத் தேவையில்ல, கரண்டும் தேவையில்ல. வாவிக்கரை, "ஒருத்தரும் வேகம் குடுக்க ஏலாது" எண்டு எழுதினீங்க. ஷெஃபீல்ட் பக்கத்தில 1965இல் திறந்த டின்ஸ்லி யார்டில இதே டௌட்டி சாமானில ஒரு வகை, பிந்தி வாற வேகனைத் தள்ளியும் விட்டிச்சு.

வாவிக்கரை

டின்ஸ்லியில் தள்ளினது மெய்தான். ஜேர்மனியில கயிறு இழுத்துத் தள்ளுற சின்ன வண்டிகள் தண்டவாளத்துக்கு நடுவால ஓடுது, ஜப்பானில நேர்கோட்டு மோட்டர் வண்டி வைச்சாங்க. எல்லாம் ரிடார்டரால ஏலாததைச் செய்யத்தான் வந்தது. ஆனா தண்டவாளமெல்லாம் எண்ணெய்க் குழாய் ஓட்டி, ஆயிரக்கணக்கான சிலிண்டருக்கு சீல் மாத்திக்கொண்டிருக்கிற செலவை நீங்களே யோசிங்க வெல்டர். டின்ஸ்லி மேடு 1984இல் மூடியாச்சு.

சவளக்கடை_வெல்டர்

மூடினது சிலிண்டரால இல்ல. ஒண்டு ரெண்டு வேகனாச் சாமான் அனுப்புற யாவாரம் லொறிக்குப் போனதால. சாமானில குற்றமில்ல. தள்ளுற வகையை விடுங்க, குறைக்கிற வகையை மட்டும் வைச்ச யார்டுகள் சீனாவில கனக்க இரிக்கி.

வாவிக்கரை

அதை ஒத்துக்கொள்ளுறன், யாவாரம்தான் காரணம். சிலிண்டர் பராமரிப்பைப் பத்தி என்ட அபிப்பிராயம் மாறல்ல.

ஸ்காபரோ_மட்டு

ஜப்பானும் அதே 1984இல், பெப்ரவரி 1ஆம் திகதி, வேகன்களை யார்டில் பிரித்துப் பிரித்து அனுப்பும் முறையை ஒரேயடியாகக் கைவிட்டது. 2017இல் அமெரிக்காவில் சீஎஸ்எக்ஸ் என்ற ரயில் கம்பனி பல மேடுகளை மூடித் தட்டை யார்ட் ஆக்கியது. ஆனால் நெப்ராஸ்காவில் பெய்லி யார்ட், உலகிலேயே பெரியது, இரண்டு மேடு. ஹம்பேர்க் பக்கத்தில் 1977இல் திறந்த மாஷென் ஐரோப்பாவில் பெரியது. இரண்டும் ஓடுகின்றன. இரசாயனம், மரம், கார் என்று நூறு இடத்திலிருந்து நூறு இடத்துக்கு உதிரியாகப் போகும் சாமான் இருக்கும்வரை யாராவது பிரித்துத்தானே ஆகவேண்டும்.

பழைய_கார்ட்

இந்தியாவில முகல்சராய் யார்ட் 12.5 கிலோமீற்றர் நீளம், இப்ப பேர் மாத்தியிருக்காங்க. அங்கயும் 80களுக்குப் பிறகு ஒரே சாமான், ஒரே இடத்துக்கு முழு ரயில் எண்டு போனதால பல யார்டுகளின்ட வேலை குறைஞ்சிட்டு.

எங்கட பக்கமும் அதுதான். கொலன்னாவையில இருந்து மட்டக்களப்புக்கு எண்ணெய் ரயில் வருது, முழுக்க எண்ணெய்த் தாங்கிகள். பிரிக்க ஒண்டுமில்லை. 2024 ஒக்டோபரில மின்னேரியாப் பக்கம் யானைக் கூட்டத்தில மோதித் தடம்புரண்டதே, அந்த ஓட்டம்தான். எரிபொருள், வெடிமருந்து மாதிரிச் சில சாமான்களை மேடுள்ள நாடுகளிலயும் உருட்டிவிடமாட்டாங்க, அல்லது தனிக் கட்டுப்பாட்டோடதான் விடுவாங்க.

காத்தான்குடியான்

அப்ப கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எண்டு பாதை வந்தாலும் யார்ட் வராதா? சின்னப் புள்ளையில இருந்து கேக்கிற கதை அது.

வாவிக்கரை

முதல்ல பாதை வரட்டும் காக்கா. வந்தாலும் நெல்லும் சீமெந்தும் முழு ரயிலா, அல்லது கொள்கலனாத்தான் போகும். ரெண்டு மூண்டு பக்கத் தண்டவாளமும் ஒரு கிரேனும் போதும். மேடு கேக்கிறது காசைக் கடலில போடுறது.

பழைய_கார்ட்

மேடு இல்லாட்டியும் உருளுற வேகன் உருளத்தான் செய்யும். 2024 பெப்ரவரி 25இல் ஜம்மு காஷ்மீர் கதுவாவில நிப்பாட்டின சரளைக்கல் ரயில் 53 வேகனோட, சாரதி இல்லாம, பஞ்சாப் வரைக்கும் 70 கிலோமீற்றருக்கு மேல ஓடிச்சு. கனடாவில 2013 யூலை 6இல் லாக் மெகன்ரிக்கில எண்ணெய் ரயில் உருண்டு போய் 47 பேர் செத்தாங்க. ஏழு கைப்பிறேக் போட்டிருந்தது, அது போதவில்லை. சரிவில நிக்கிற வண்டிக்கு எத்தனை கைப்பிறேக் வேணும் எண்டது தொன்னும் சரிவும் வைச்சுப் போடுற கணக்கு. தம்பி படிக்கிற அதே கணக்கு, நிப்பாட்டுற பக்கமாப் போட்டது.

ஒலுவில்_பொறி

மாஷா அல்லாஹ், இவ்வளவு வரும் எண்டு நினைக்கல்ல. நான் இப்படிச் செய்யப் போறன், பிழை இருந்தாச் சொல்லுங்க. மேடு 3 மீற்றர். வேகன் நிறை 25 தொடக்கம் 130 தொன் வரை எழுந்தமானமா. உருளும் தடை தொன்னுக்கு 1.5 தொடக்கம் 6 கிலோ வரை எழுந்தமானமா. ரெண்டு ரிடார்டர், ரெண்டு தனிக் கட்டுப்படுத்தி. தாடையின்ட உராய்வுக் குணகமும் வேகனுக்கு வேகன் மாறும். 200 வேகனை உருட்டி, எத்தனை 6 கிலோமீற்றருக்கு மேல இடிச்சுது, எத்தனை இடையில நிண்டுது எண்டு எண்ணுறன். வெல்டர் நானா சொன்ன சிலிண்டர் முறையையும் அதே 200 வேகனுக்குப் போட்டு ஒப்பிடுவன்.

இயற்பியல்_ரீச்சர்

நல்லது. உருளும் தடையை உங்கள் கட்டுப்படுத்திக்கு நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். சரிவில் இரண்டு வேக அளவீட்டிலிருந்து அது தானே கணிக்கட்டும். அளவீட்டிலும் கொஞ்சம் பிழை சேருங்கள். செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர் பிழை இருந்தாலே அந்தக் கணிப்பு எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். இரண்டு அளவீட்டுக்கும் இடையில் 10 மீற்றர் வைத்து ஒருமுறை, 40 மீற்றர் வைத்து ஒருமுறை.

சவளக்கடை_வெல்டர்

சிலிண்டருக்கு ஒரே குறிவேகம் போடாதீங்க தம்பி. மேட்டடியில கூடின வேகம், தண்டவாளத்துக்கு உள்ள செக்கனுக்கு 1.2 மீற்றர் போல. தண்டவாளச் சரிவு ஆக இறுகின வேகனின்ட தடையை விடக் கொஞ்சம் கூட இரிக்கவேணும், இல்லாட்டி அது நிண்டிரும். தொன்னுக்கு 6 கிலோ எண்டா ஆயிரத்துக்கு ஆறுக்கு மேல. முடிவு வந்தாப் படத்தோட இஞ்ச போடுங்க, வாவிக்கரைக்குக் காட்டவேணும்.